சித்திரை வானமும் நமது பொதுச் சொத்தே

சங்கக் கட்டடம், நூல் கிடங்கு, பங்குத் தொகை ஆகியவற்றைப் பொதுச் சொத்தெனப் பேரேட்டில் எழுதி வைக்கிறோம். எந்தப் பேரேட்டிலும் ஏறாத சொத்து ஒன்றும் நமக்கு உண்டு. அதுவே கிராமத்து இரவு வானம். நகரத்தார் தம் விளக்கொளியால் இதனைப் பெரும்பாலும் இழந்துவிட்டனர்.

தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் நாம் ஒன்றைக் கவனித்து வருகிறோம். இரவில் நீர் பாய்ச்சும் பெரியவர் வானத்தைப் பார்த்து மணி சொல்கிறார்; அவர் பேரன் கைப்பேசியைப் பார்த்துச் சொல்கிறான். இருவர் சொல்வதும் சரியே. ஆயினும் பெரியவரின் அறிவு எங்கும் எழுதப்படவில்லை. கேட்டு வைத்துக்கொள்ளாவிடில் அவரோடு போய்விடும். ஆகவே, மே மாத முதல் வாரத்தில், அதாவது ஏறக்குறைய சித்திரை 18 முதல் 24 வரை, காணத்தக்கவற்றை இங்கே தருகிறோம்.

இரவு 8 மணி: தலைக்கு நேர் மேலே ஒளிர்வது மகம். மேற்கே தாழ்ந்து, செந்நிறமாக மறையப் போவது திருவாதிரை. கார்த்திகையைத் தேட வேண்டாம். இந்நாட்களில் சூரியன் அதனை நெருங்கிச் செல்வதால், அது பகலொளியில் மறைந்துவிடுகிறது. கார்த்திகைக்கு அதிதேவதை அக்கினி என்பது மரபு. மே 4-ஆம் தேதி சுமாருக்குத் தொடங்கும் கத்திரி வெயிலை அக்கினி நட்சத்திரம் என்பதன் காரணமும் இதுவே.

இரவு 9 மணி: வடக்கே சப்தரிஷி மண்டலம் கவிழ்ந்த அகப்பை போல் நிற்கும். அகப்பையின் இடப்புற ஓரத்து மீன்கள் இரண்டையும் இணைத்துக் கீழ்நோக்கிக் கோடிழுத்தால், அடிவானத்திற்குச் சற்று மேலே துருவ மீன் அகப்படும். அதன் உயரம் அவ்வூரின் அட்சரேகைக்குச் சமம்: கன்னியாகுமரியில் சுமார் 8 பாகை, சென்னையில் 13 பாகை.

அகப்பைக் காம்பின் நடுமீன் வசிஷ்டர். அதை ஒட்டிய சிறுமீன் அருந்ததி. திருமணத்தில் பட்டப்பகலில் அண்ணாந்து பார்த்து, கண்டதாகத் தலையசைத்தவர்கள் இப்போது மெய்யாகவே காணலாம். அச்சில் பாவு பிணைக்கும் கண்களுக்கு இது பெரிய காரியமன்று.

காம்பின் வளைவைத் தொடர்ந்து சென்றால் பொன்னிறச் சுவாதியும், அதற்கப்பால் நீலவெண்மையான சித்திரையும் தோன்றும். இம்மாதத்துப் பௌர்ணமி நிலவு சித்திரை மீனின் அருகே நிற்பதால்தான் மாதத்திற்கே அப்பெயர். அம்மீனின் ஒளி நம்மை வந்தடையச் சுமார் 250 ஆண்டுகள் ஆகின்றன. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டில், இன்று நாம் காணும் ஒளி ஏறக்குறையப் பாதி வழிதான் வந்திருந்தது!

இரவு 10 மணி: தெற்கே தாழ்வாக, நான்கு மீன்கள் கொண்ட தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். தென்கிழக்கில் விருச்சிகம் எழுந்து கொண்டிருக்கும். அதன் நடுவில் சிவந்து தெரிவது கேட்டை.

இவை இரண்டும் உழவருக்குக் கடிகாரம். இவ்வாரத்தில் சிலுவை நிமிர்ந்தால் மணி 10. கேட்டை தெற்கே உச்சத்திற்கு வந்தால் மணி 2. ஒவ்வொரு மீனும் நாள்தோறும் 4 நிமிடம் முந்துவதால், மாதத்திற்கு 2 மணி நேரம் கழித்துக்கொள்ள வேண்டும். மே மாதக் கடைசியில் சிலுவை 8 மணிக்கே நிமிர்ந்துவிடும். இக்கணக்கை அறிந்தவருக்கு, கைப்பேசி அணைந்தாலும் தண்ணீர் முறை தவறாது.

விடியுமுன்: மே 5, 6 தேதிகளை ஒட்டி 3 மணிக்கு மேல் கிழக்கே நோக்கினால் எரிமீன்கள் விழக் காணலாம். அவை ஹாலி வால்மீன் விட்டுச் சென்ற துகள்கள். அவ்வால்மீன் 1986-இல் வந்தது. மீண்டும் வருவது 2061-இல். இன்று பள்ளி செல்லும் நம் பிள்ளைகள் அதனைக் காணக்கூடும்.

இவற்றுக்குக் கருவி வேண்டாம், கட்டணம் வேண்டாம். இருள் மட்டும் வேண்டும். தேவையற்ற விளக்கு ஒன்று எரிந்தாலும் தெரு முழுவதற்கும் வானம் மங்குகிறது. ஆகவே இவ்வாரத்தில் ஒரு நாள், நம் அங்கத்தினர்கள் தத்தம் வாசல் விளக்கை ஒரு மணி நேரம் அணைத்து, பிள்ளைகளைப் பெரியவர்களோடு களத்து மேட்டில் அமரச் செய்வார்களாக. பெரியவர்கள் சொல்லும் மீன்களின் பெயர்களைப் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். அழியவிருக்கும் முதலைக் காப்பதும் கூட்டுறவுப் பணியே அன்றோ?