பெயர் சொல்வதைத்தான் செயற்கூறு செய்கிறதா?

மேல்நிலை வகுப்பில் பைத்தான் கற்பிக்கும் ஆசிரியர்கள் அடிக்கடி காணும் பிழை இது. மாணவர் மதிப்பெண் பட்டியலை 'சார்ட்' கொண்டு வரிசைப்படுத்தி, கிடைப்பதை ஒரு மாறியில் வைக்கிறார். அச்சிட்டால் 'நன்', அதாவது ஒன்றுமில்லை என்று வருகிறது. சிந்தனை சரி, விடை மட்டும் இல்லை. "எனக்கு நிரல் வராது" என்று சில மாணவர்கள் ஒதுங்குவது இத்தகைய இடத்தில்தான்.

பைத்தானில் 'சார்ட்' என்பது ஏவல். கொடுத்த பட்டியலையே மாற்றும். எதையும் திருப்பித் தராது. 'சார்டட்' என்பது விளைவின் பெயர். மூலத்தைத் தொடாமல் புதிய பட்டியலைத் தரும். தமிழில் 'அடுக்கு', 'அடுக்கியது' என்று நாம் வேறுபடுத்துவது போன்றதே இது. 'அடுக்கியதா?' என்பது வினா. ரூபி மொழியில் ஆம், இல்லை என விடை தரும் செயற்கூறுகளின் பெயர் வினாக்குறியுடன் முடிவது வழக்கம்.

எல்லாப் பெயர்களும் இவ்வளவு நேர்மையானவை அல்ல. ஜாவாஸ்கிரிப்டில் 'சார்ட்' பட்டியலைத் திருப்பித் தருகிறது, மூலத்தையும் மாற்றிவிடுகிறது. பழைய நிரல்கள் அதை நம்பியிருப்பதால் அதன் செயலை மாற்ற இயலாது. எனவே 2023ஆம் ஆண்டுத் தரநிலையில், மூலத்தை மாற்றாத 'டுசார்டட்' தனியே சேர்க்கப்பட்டது.

பைத்தானின் 'எல்ஸ்ட்ரிப்' மற்றோர் எடுத்துக்காட்டு. 'மாமரம்' என்ற சரத்தின் தொடக்கத்திலுள்ள 'மா'வை நீக்கச் சொன்னால் 'மரம்' கிடைக்கும் என எதிர்பார்ப்போம், கிடைப்பது 'ரம்'. அது 'மா'வை ஒரு முன்னொட்டாகக் கொள்வதில்லை. 'ம', துணைக்கால் ஆகிய இரு குறிகளில் எது வந்தாலும் நீக்கிக்கொண்டே போகிறது. 2020இல் வெளியான பைத்தான் 3.9இல் 'ரிமூவ்பிரிஃபிக்ஸ்' வந்தது. பெயர் சொல்வது போலவே அது முன்னொட்டை மட்டும் நீக்கி 'மரம்' என்று தருகிறது.

வகுப்பில் புதிய செயற்கூறு ஒன்றை அறிமுகம் செய்யும்போது இரு வினாக்களைக் கேட்கச் செய்யலாம்: கொடுத்ததை இது மாற்றுகிறதா? எதைத் திருப்பித் தருகிறது? விடையை முதலில் ஊகித்து, பின் இயக்கிப் பார்க்கட்டும்.

மாணவர் தாமே எழுதும் செயற்கூறுகளுக்கும் இது பொருந்தும். பெயரை மட்டும் அருகிலிருப்பவரிடம் காட்டி, அது என்ன செய்யும் எனக் கேட்கச் சொல்லுங்கள். 'சராசரி காண்' என்று பெயரிட்டுவிட்டு உள்ளே மதிப்பெண்களையும் திருத்தினால், பெயரையோ செயலையோ மாற்றியாக வேண்டும். விடைத்தாளைத் திருத்தும்போதும், பிழை மாணவரின் சிந்தனையில் உள்ளதா, பெயர் தந்த மயக்கத்தால் வந்ததா எனப் பிரித்தறிந்தால், எதை மீண்டும் கற்பிக்க வேண்டும் என்பது நமக்குத் தெளிவாகும்.