விஸ்கியில் இருப்பது தானியமா, நம் கரும்பா?

பழனி பகுதியில் கரும்பு பயிற்சி முடிந்ததும் ஒரு விவசாயி கேட்டார்: "சார், நம்ம கரும்புலதான் விஸ்கி பண்றாங்களாம். பாட்டில்ல கரும்பு பேரே இல்லையே?"

நியாயமான கேள்விதான். குடியைப் பற்றிய பேச்சல்ல இது, விளைபொருள் கணக்கு.

விஸ்கி அடிப்படையில் தானிய மது. கேழ்வரகை நாம் முளைகட்டுவதுபோல ஸ்காட்லாந்தில் பார்லியை முளைகட்டுவார்கள். அப்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அதைப் புளிக்கவைத்து, வடித்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைக்க வேண்டும். அந்நாட்டின் 2009ஆம் ஆண்டு விதிப்படி 5 வகைகள். ஒரே வடிப்பாலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது 'சிங்கிள் மால்ட்'. மால்ட் விஸ்கியுடன் மற்ற தானிய விஸ்கியைக் கலந்தால் 'பிளெண்டட்'. லேபிளில் 12 ஆண்டு என்றிருந்தால், கலவையில் மிக இளைய சரக்கின் வயது அது. அமெரிக்காவின் போர்பன் விஸ்கியில் மூலதானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். நம் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குத்தான் போகிறது.

இந்தியாவிலும் பார்லியில் சிங்கிள் மால்ட் செய்கிறார்கள். பெங்களூரு அம்ருத் நிறுவனம் 2004இல் அதை ஸ்காட்லாந்திலேயே விற்பனைக்கு இறக்கியது. ஆனால் மலிவு ரகங்கள் பலவற்றுக்கு அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு, அதாவது மொலாசஸ். அதை வாசனையே இல்லாத, சுமார் 96 சதவீத எரிசாராயமாக வடித்து, தண்ணீர் விட்டு 42.8 சதவீதத்துக்கு இறக்கி, நிறத்துக்குக் கேரமல், மணத்துக்குக் கொஞ்சம் மால்ட் சேர்க்கிறார்கள். தானியத்தில் செய்யாததை ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்று விற்க முடியாது. இங்கே விற்கலாம். கரும்பின் பெயரை லேபிளில் போட யாருக்கு ஆசை?

பழனி கரும்பு போய்வந்த அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலையிலும் வடிப்பாலை இருந்தது. ஒரு டன் கரும்பில் 40 முதல் 45 கிலோ கழிவுப்பாகு கிடைக்கும். அதில் சுமார் 10 லிட்டர் எரிசாராயம் எடுக்கலாம்.

விலைக்கு வருவோம். ஆதார விலை நிர்ணயத்தில் கழிவுப்பாகு வருமானத்தையும் பார்க்க வேண்டும் என்கிறது கரும்பு கட்டுப்பாட்டு ஆணை. ஆனால் ஆலைக்கு ஆலை விலை கூடுவது சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்துத்தான். சர்க்கரையோடு கழிவுப்பாகு, சக்கை, ஆலைக்கழிவு மண் ஆகியவற்றின் மதிப்பிலும் 70 சதவீதம் விவசாயிக்குச் சேர வேண்டும் என 2012இல் ரங்கராஜன் குழு பரிந்துரைத்தது. கூட்டுறவு ஆலை உறுப்பினர்கள் பேரவைக் கூட்டத்தில் வடிப்பாலைக் கணக்கைத் தனியாகக் கேளுங்கள்.