பிறையின் இருட்டுப் பக்கம்

"மூன்றாம் பிறை தெரியுது, ஓடி வா!" அம்மா கூப்பிட்டால் விளையாட்டை விட்டு ஓடுவேன். கும்பிட்டதும் மறுபடியும் விளையாட்டு. பிறைக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரியும் மிச்ச நிலவை நான் கவனித்ததே இல்லை.

அந்த இருட்டைத்தான் சில வானியல் ஆர்வலர்கள் தொலைநோக்கி வழியாக மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பூமிக்கு வரும் சிறு விண்கற்கள் காற்றிலேயே எரிந்துவிடுகின்றன. நிலவில் அப்படித் தடுக்கக் காற்று மண்டலம் இல்லை. கல் நேராகத் தரையில் மோதும்போது, பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவாக ஓர் ஒளி மின்னி மறையும்.

1953இல் அமெரிக்க மருத்துவர் லியோன் ஸ்டூவர்ட் எடுத்த நிலவுப் படத்தில் அப்படியொரு ஒளிப்புள்ளி இருந்தது. ஆனால், அதை உறுதிப்படுத்த இன்னொரு படம் இல்லை. விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது.

1999 நவம்பரில் லியோனிட் விண்கல் மழையின்போது கதை மாறியது. டெக்சஸில் பிரையன் கட்னிக் தம் தொலைநோக்கியில் ஒரு மின்னலைக் கண்டார். வெகுதொலைவில், மேரிலேண்டில், டேவிட் டன்ஹம் நிலவைக் காணொளியாகப் பதிவு செய்திருந்தார். அதைப் போட்டுப் பார்த்தபோது அதே நேரத்தில் அதே மின்னல்! கேமராக் கோளாறோ, குறுக்கே போன செயற்கைக்கோளோ இரண்டு ஊர்களில் ஒரே நொடியில், நிலவின் ஒரே இடத்தில் தெரிய வாய்ப்பில்லை அல்லவா?

2019 ஜனவரி 21 சந்திர கிரகணத்தின்போதும் இப்படி நடந்தது. நமக்கு அப்போது பகல் 12.41, நிலா தெரியவில்லை. நேரலையில் பார்த்த பலர், "அந்த ஒளிப்புள்ளி உங்களுக்கும் தெரிந்ததா?" என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். ஸ்பெயின் ஆய்வாளர்களின் தொலைநோக்கிகளிலும் அது பதிவாகியிருந்தது. கல்லின் வேகம் மணிக்குச் சுமார் 61,000 கிலோமீட்டர், அது தோண்டிய பள்ளம் 10 முதல் 15 மீட்டர் அகலம் என்று அவர்கள் கணித்தார்கள். கொலம்பியாவின் அந்தியோக்கியா பல்கலைக்கழக ஆய்வாளர்களோ பல நாட்டு ஆர்வலர்கள் எடுத்த படங்களை வைத்தே தனி ஆய்வு செய்தார்கள்.

நிலவில் மனிதர் தங்கப்போகிறார்கள் என்றால், எவ்வளவு பெரிய கல் எத்தனை முறை விழும் என்பது தெரிந்தாக வேண்டும். அதற்கு விழித்திருக்கும் கண்கள் நிறைய வேண்டும். ஒன்றுமே தெரியாத இரவும் வீணில்லை. எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்ற குறிப்பும் கணக்கில் சேரும்.

8 அங்குலத் தொலைநோக்கி, காணொளிக் கேமரா, பிசகாத நேரம்: இவை இருந்தால் நீங்களும் தொடங்கலாம். மூன்றாவதுதான் முக்கியம். வானொலியில் ஒரு நொடி தவறினாலே என் பேச்சு செய்தியோடு மோதிவிடும். இங்கே ஒரு நொடி தவறினால் சாட்சியே செல்லாது.

தொலைநோக்கி இல்லையா? அடுத்த பிறையன்று மேகம் வழிவிட்டால், பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். கும்பிட்ட பிறகு அந்த இருட்டுப் பக்கத்தையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.