வாய்ச்சொல்லும் கைச்சாத்தும்

அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனை முதற் பொத்துவில் வரை அமைந்த முஸ்லிம் ஊர்களில் வாணிபம் மக்களின் வாழ்வோடு கலந்த ஒன்று. மருதமுனையின் கைத்தறிப் புடைவை நாடறிந்தது. கல்முனைக் கடைத்தெருவோ அயலூர்கள் பலவற்றுக்குச் சந்தையாய் விளங்குவது. இவ்வூர்களிலே மச்சானும் மச்சானும், காக்காவும் தம்பியும் முதலைச் சேர்த்துக் கடை திறப்பது பழகிப்போன வழக்கம். அவ்வாறு சேரும்போது, “நமக்குள்ளே பத்திரம் எதற்கு?” என்று கேட்பதும் வழக்கமே. எழுதச் சொல்வது நம்பிக்கையீனத்தின் அடையாளம் எனப் பலர் கருதுகின்றனர்.

இவ்வெண்ணத்தைச் சட்டம் எங்ஙனம் நோக்குகிறது? 1852ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம், பங்குடைமை பற்றிய விடயங்களில் இங்கிலாந்துச் சட்டத்தையே இலங்கைக்கும் உரியதாக்கிற்று. ஆகவே, அந்நாட்டின் 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டத்தின் விதிகள் கல்முனைக் கடைக்கும் பொருந்துகின்றன. இதற்கும் முற்பட்டது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். 1000 ரூபாவுக்கு மேற்பட்ட மூலதனத்துடன் கூட்டு வாணிபம் அமைக்கும் உடன்படிக்கை எழுத்தில் அமைந்து கைச்சாத்திடப்படாவிடின், அது சட்டத்தின் முன் செல்லாது என்பது அதன் விதி. இன்றைய விலைவாசியில் 1000 ரூபா சில கிலோ அரிசிக்கே போதும். எனவே சிறு பெட்டிக்கடைக்கும் இவ்விதி உரியதே.

இவ்விதிக்கு ஒரு புறநடையும் உண்டு. கூட்டாளிகளாய் நடந்துகொண்டோர்மீது வெளியார் வழக்குத் தொடரலாம். எழுத்து இல்லாதபோதும், சூழ்நிலைகளைக் காட்டிக் கூட்டு இருந்ததை அவர்கள் நிரூபிக்கலாம்.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். இரு மச்சான்மார் வாய்ச்சொல்லை நம்பிப் புடைவைக் கடை ஒன்று திறக்கின்றனர் என்று கொள்வோம். கடை செழிக்கிறது. ஒருவர், “கூட்டு என்று ஒன்றே இல்லை” என மறுத்துவிடுகிறார். எழுத்தில்லாத மற்றவர் கூட்டாளி என்ற உரிமையில் இலாபத்தைக் கேட்க வழியின்றி நிற்பார். மாறாக, கடை நொடித்துப் போயிற்று என்று கொள்வோம். நூல் கொடுத்த கொழும்பு வியாபாரி இருவரையும் கூட்டாளிகளென நிரூபித்துக் கடனைக் கோரலாம். எழுதாதவருக்கு இலாபத்தின் கதவு அடைபடுகிறது. நட்டத்தின் கதவோ திறந்தே கிடக்கிறது.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் போதாதோ எனச் சிலர் வினவலாம். அப்பதிவு கடைக்கு உரியவர் யாவர் என்பதை ஊருக்கு அறிவிக்கும். யார் எவ்வளவு முதலிட்டார், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அது சொல்லாது. இவற்றைப் பற்றி உடன்பாடு இல்லாதவிடத்து, இலாபமும் நட்டமும் சரிசமமாகவே பிரியும் என்கிறது பங்குடைமைச் சட்டம். முப்பது இலட்சம் போட்டவரும் பத்து இலட்சம் போட்டவரும் அப்போது ஒரே தட்டில் நிற்பர்.

மரணமும் எண்ணத்தக்கது. வேறு உடன்பாடு இல்லையேல், கூட்டாளி ஒருவரின் இறப்போடு கூட்டும் கலைகிறது. அவர் பங்கு வாரிசுகளுக்கு உரியதாகிறது. ஆயின் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி மனிதனே. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி இக்கரையோரத்தில் பெருந்தொகையான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அத்தகைய நாளில் கணக்கேடும் கணக்கை அறிந்தவரும் ஒருங்கே மறைந்தால், விதவையும் அநாதைகளும் எதைக் காட்டிப் பங்கு கேட்பர்?

இக்காலத்தில் எழுத்து என்பது கடதாசி மட்டுமன்று. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் வடிவில் உள்ளது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு பதிவின் சட்டவலுவை மறுக்கலாகாது என்கிறது. கைத்தொலைபேசியில் வந்த கொள்வனவுக் கட்டளையும், வங்கி அனுப்பிய பணப்பரிமாற்றச் செய்தியும் சான்றாகக்கூடும், அவற்றை அழித்துவிடலாகாது. எனினும் காணி விற்பனை, மரண சாசனம், அற்றோணித் தத்துவம் ஆகியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது.

வாங்குவோருக்கும் எழுத்தே துணை. 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்பவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. குறையிருப்பின் மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் அதிகாரசபைக்கு முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாதவரின் முறைப்பாடு வலுவிழக்கும்.

கூட்டு உடன்படிக்கையை நொத்தாரிசு முன்னிலையில்தான் எழுதவேண்டும் என்று மேற்சொன்ன விதி கேட்கவில்லை. இடப்பட்ட முதல், இலாப நட்டப் பங்கு, உழைப்பவருக்குரிய கொடுப்பனவு, விலகும் முறை, இறப்பின்பின் செய்யவேண்டியது ஆகிய ஐந்தையும் தெளிவாய் எழுதி, யாவரும் கைச்சாத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். பெருமுதல் ஈடுபடுமாயின் சட்டத்தரணியின் ஆலோசனை நன்று.

எழுதுதல் உறவுக்குப் பகை எனக் கருதுவோர் ஒன்றை நினைவுகொள்ளல் தகும். திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம், அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணைக் கடனைச் சாட்சிகளுடன் எழுதிவைக்கப் பணிப்பதே. ஒருவரையொருவர் நம்பி வாழும் சமுதாயத்துக்கே அப்பணிப்பு இடப்பட்டது. நம்பிக்கை உள்ள நாளில் எழுதப்படும் எழுத்தே, நம்பிக்கை தளரும் நாளில் உறவைக் காக்கும்.