கண்ணகியில் ஏறி அணைக்கு

பாலக்காடு மாவட்டத்து வடகரப்பதியில் படகுக்கு வேலை இல்லை. மழை மறைவுப் பகுதி. வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, கடைமடை வரை எட்டியதா என்பதுதான் வேலந்தாவளம் பக்கத்துப் பேச்சு. ஆழியாற்றிலிருந்து சித்தூருக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்ற கணக்கு விவசாயிகளுக்கு மனப்பாடம். கேரளமும் தமிழ்நாடும் மல்லுக்கு நிற்கும் தண்ணீரில் படகும் ஓடுவதைப் பார்க்க, இடுக்கி மாவட்டத்துத் தேக்கடிக்குப் போக வேண்டும். பெயரைப் படித்தாலே அங்கே எது யாருடைய படகு என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தன் படகுகளுக்கு ஜலராஜா, ஜலகன்யகா என்று பெயர் வைத்தது. கேட்க இனிமை, யாருக்கும் வம்பில்லை. ஆனால் 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அந்தப் பெயரை இனி எந்தப் படகுக்கு வைக்க முடியும்?

ஆலப்புழையின் போட்டிப் படகுகளான சுண்டன் வள்ளங்களுக்குப் பெயர் வைப்பதில் இந்தத் தயக்கமே கிடையாது. காரிச்சால், பாயிப்பாடு, சம்பக்குளம் என்று ஊர்ப் பெயர்தான். 1952இல் படகுப் போட்டி பார்த்த நேரு உற்சாகத்தில் தாவி ஏறியதும் நடுபாகம் என்ற ஊர்ப் பெயர் தாங்கிய வள்ளத்தில்தான். ஊரே கூடித் துடுப்புப் போடும்போது வேறு பெயர் எதற்கு?

தமிழ்நாட்டுக் கதை வேறு. முல்லைப் பெரியாறு அணை இருப்பது கேரளத்தில். 1886ஆம் ஆண்டின் 999 வருடக் குத்தகைப்படி அதைப் பராமரிப்பது தமிழ்நாடு. தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் தேக்கடியிலிருந்து அணைக்குப் போய்வரும் படகுகள் கண்ணகி, ஜலரத்னா. ஜலரத்னா ஊரோடு ஒத்துப்போகிற பெயர். கண்ணகி அப்படியா? தேக்கடிப் பக்கத்து மலைமேல்தான் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி ஒருநாள் மட்டும், இரு மாநிலப் போலீஸ் காவலில் தரிசனம். அவள் எரித்த மதுரைக்கு இன்று தண்ணீர் போவதும் இந்த அணை தேக்கிய ஏரியிலிருந்துதான். பெயர் வைத்த அதிகாரி இவ்வளவும் யோசித்தாரோ என்னவோ, வழக்காடுபவள் பெயர் அணையைப் பராமரிக்கும் துறைக்குக் கச்சிதம்.

பின்னர் ஒரு புதுப் படகு வாங்கி 'தமிழன்னை' என்று பெயரிட்டார்கள். ஏரி புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் கேரள வனத்துறையின் அனுமதி தேவை. அது கிடைக்காமல் தமிழன்னை பல ஆண்டுகள் தேக்கடியில் சும்மா கிடந்தாள். அணையைப் பார்க்கப் போன அதிகாரிகள் பழையபடி கண்ணகியில்தான் ஏறினார்கள்.