வேர்ச் சுவிட்சும் அதன் பிறழ்ச்சியும்

கணினி வலையமைப்பிற் சுவிட்சுகளைப் பல வழிகளாற் பிணைப்பது, ஒன்று அறுந்துழி மற்றொன்று உதவும்பொருட்டு. ஆயின் ஈத்தர்நெட் சட்டகத்திற்கு வாழ்நாள் எல்லை இல்லை. எல்லார்க்குமென விடுக்கப்பெறும் சட்டகம் வளையத்துட் புகின், ஓயாது சுழன்று பெருகி வலையை முடக்கும். இதனைத் தடுக்கவே ராடியா பெர்ல்மன் 1985-இல் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையை வகுத்தார். அதன் கருத்தை ஒரு சிறு செய்யுளாகவும் பாடித் தம் கட்டுரையின் முகப்பில் வைத்தார். இலக்கண விதிகளை நூற்பாவழிக் கற்ற நமக்கு இது புதுமையன்று.

சுவிட்சுகள் தம்முள் ஒன்றை வேராகத் தெரிந்து, அதனை அடையும் செலவு குறைந்த வழிகளை மட்டும் திறந்துவைத்து எஞ்சியவற்றை அடைத்துவிடும். முன்னுரிமை எண் சிறியதே வேராம். அவ்வெண் ஒத்தவழி மேக் முகவரி சிறியது வேராம். பிழை தோன்றும் இடம் இதுவே. முன்னுரிமை யாவற்றிற்கும் 32768 என்றே முன்னமைந்திருத்தலின், தேர்வு முகவரியின்பாற் படுகின்றது. பழைய சுவிட்சுகள் பலகாலும் சிறிய முகவரி உடையன. ஆகவே மூலையிற் கிடக்கும் முதிய சுவிட்சே வேராகிவிட, விரைவு மிக்க நடுவிணைப்பு அடைபட்டு, போக்குவரத்து மெலிந்த இணைப்பின்வழிச் சுற்றிச் செல்கின்றது. பலரும் கம்பியையே ஐயுறுவர்.

யாம் முதற்கண் வினவுவது, ஒவ்வொரு சுவிட்சும் எதனை வேர் என்கின்றது என்பதே. ஒரே வலைப்பகுதியில் இரண்டு தம்மையே வேர் எனக் கூறின், 2 நொடிக்கொருமுறை வேர் விடுக்கும் செய்தி இடையில் தடைப்படுகின்றது என்க. யாவும் வேண்டாத ஒன்றையே கூறின், நடுச்சுவிட்சின் முன்னுரிமையை 4096 எனக் குறைத்து, அதற்குத் துணையாவதற்கு 8192 தருக. சில சுவிட்சுகள் 32769 எனக் காட்டுதல் கண்டு மயங்கற்க. வீலேன் எண் 1 அதனுடன் கூட்டப்பட்டுள்ளது. மாற்றத்தைப் பணி ஓய்ந்த வேளையிற் செய்தல் நன்று. பழைய நெறிமுறையில் அடைபட்ட வாயில் திறக்க 30 நொடியேனும் செல்லும்.