ஜாக்கி தூக்கும், தாங்காது: பழைய புல்டோசரைப் பிரிக்கும்போது உயிரைக் காப்பது எது?

வேலூர் ரோட்டில் திருவண்ணாமலைக்கு வருபவர்களுக்கு வேங்கிக்கால் என்றால் கலெக்டர் ஆபீஸ். மேடு பள்ளமான நிலத்தைச் சமன்செய்ய நினைக்கும் விவசாயிகள், வேளாண்மைப் பொறியியல் துறையிடம் புல்டோசரை வாடகைக்குக் கேட்கலாம். இப்போது மொபைலிலேயே பதிவு செய்துவிடலாம். நிலத்தில் வந்து இறங்கும் வண்டியை எல்லாரும் பார்ப்பார்கள். அதே மாதிரி வண்டி முப்பது, நாற்பது வருஷம் ஓடி, கை மாறி, ஏதோ ஒரு தகரக் கொட்டகையில் பிரித்துப் போடப்படும்போது பக்கத்தில் இருப்பது இரண்டு மூன்று பேர்தான். ஆபத்து இருப்பது அங்கேதான்.

செயின் டிராக்டர் இந்தியாவுக்குப் புதுசு இல்லை. நாணல் மண்டிக் கெட்டுப்போன நிலங்களைத் திருத்த 1947-ல் சென்ட்ரல் டிராக்டர் ஆர்கனைசேஷன் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற வண்டிகள்தான் அதன் முதல் கருவிகள். 1949-ல் உலக வங்கி இந்தியாவுக்குக் கொடுத்த இரண்டாவது கடன், 1 கோடி டாலர், இந்த வேலைக்கான டிராக்டர்களுக்குத்தான். 1964-ல் பெமல் நிறுவனம் உருவானது. ஜப்பானின் கோமட்சு தொழில்நுட்பத்தோடு கோலார் தங்கவயலில் அது தயாரித்த டி50 ரக வண்டியின் எடை சுமார் 12 டன். அதன் ஒரு பக்கச் செயின் மட்டும் ஏறத்தாழ ஒரு டன். ஒரு ஆல்ட்டோ காரைவிட அதிகம்.

ஜாக்கி ஏன் போதாது?

'20 டன் ஜாக்கி இருக்கு, அப்புறம் என்ன?' என்ற நம்பிக்கைதான் முதல் பிரச்சனை. ஹைட்ராலிக் ஜாக்கி பாரத்தைப் பிடித்துவைப்பது எண்ணெயாலும் ஒரு சின்ன ரப்பர் வளையத்தாலும். வளையம் தேய்ந்தாலோ, வால்வில் மண் சிக்கினாலோ சத்தமில்லாமல் இறங்கும். வண்டி லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் ஜாக்கி சரியும். மழையில் நனைந்த மண் தரை என்றால் ஜாக்கியே மண்ணுக்குள் போகும். அதனால் அடியில் தடித்த இரும்புத் தகடோ பலகையோ போடாமல் பம்ப் அடிக்கக் கூடாது.

அனுபவசாலிகளின் முறை எளிது: ஒரு இஞ்ச் தூக்கு, ஒரு இஞ்ச் கட்டை வை. தூக்குவது ஜாக்கியின் வேலை, தாங்குவது கட்டையின் வேலை. கட்டையில் பாரம் உட்காரும்வரை யாரும் அடியில் கையைக்கூட விடக் கூடாது.

எதை வைத்து முட்டுக் கொடுப்பது என்பது அதைவிட முக்கியம். கைக்குக் கிடைக்கிறதென்று கருங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்குபவர்கள் உண்டு. இரும்பு மீது கல் வழுக்கும். ஹாலோ பிளாக் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும். கனமான மரக்கட்டை அப்படியில்லை. முதலில் அமுங்கும், பிறகு முனகும், விரிசல் விடும். விலகி ஓட அந்தச் சில நொடிகள் கிடைக்கும். பழைய ரயில் சிலீப்பர் கட்டைகளை மெக்கானிக்குகள் விரும்புவது இதனால்தான். இரண்டு கட்டை நெடுக்கில், அதன் மேல் இரண்டு குறுக்கில் என்று மாற்றி மாற்றி அடுக்கணும். அடுக்கின் உயரம் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் நல்லது.

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், மகா ரதத்தின் சக்கரத்தடியில் கட்டை போட்டு நிறுத்துபவர்களைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்பது திட்டு. பட்டறையில் அதற்கு நேர் எதிர்.

தொங்கும் இஞ்சின், மாறும் கணக்கு

புளிய மரக்கிளையில் செயின் பிளாக்கை மாட்டி இஞ்சினைத் தூக்குவது கிராமத்துப் பழக்கம். கிளை எத்தனை கிலோ தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் அது வேண்டவே வேண்டாம். இரும்புக் குழாய் முக்காலி என்றால், மூன்று கால்களும் அகலாதபடி அடியில் சங்கிலியால் கட்டணும்.

பலரும் கவனிக்காதது வடத்தின் கோணம். ஒரு டன் இஞ்சினை இரண்டு கம்பி வடத்தில் தூக்கினால் ஆளுக்கு 500 கிலோ என்று நினைப்போம். இரண்டுக்கும் நடுவே 60 டிகிரி இருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 577 கிலோ. 90 டிகிரியில் 707. 120 டிகிரிக்கு விரிந்தால் ஒவ்வொரு வடமும் முழுசாக ஒரு டன்னை இழுக்கும். வடம் குட்டையாக இருந்தால் கோணம் விரியும், அவ்வளவுதான் விஷயம்.

செயினைக் கழற்றும்போது

முதலில் பிளேடைத் தரையில் இறக்கணும். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பிளேடைத் தூக்கிப் பிடிப்பது ஹைட்ராலிக் இல்லை, கம்பி வடம். பிடி தளர்ந்தால் பிளேடு அப்படியே விழும்.

கிரீஸ் அழுத்தத்தில் செயினை இறுக்கும் வண்டிகளில் அந்த வால்வை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தக் கூடாது, நேர் எதிரே முகத்தை வைக்கவும் கூடாது. பீய்ச்சும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருந்தாலும் அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம். மாஸ்டர் பின் வெளியே வந்த நொடியில் செயினின் மேல்பக்கம் சரியும், எதிரே யாரும் நிற்கக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங் டன் கணக்கில் அழுத்தி வைக்கப்பட்டது. பிரஸ் மெஷின் இல்லாத பட்டறை அதைத் தொடவே கூடாது.

சட்டம் எங்கே?

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 29-வது பிரிவு, பாரம் தூக்கும் கருவிகளையும் சங்கிலிகளையும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியானவர் சோதிக்கணும் என்றது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பொதுவாக 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. மூன்று பேர் கொட்டகை இரண்டிலும் வராது. சோதிக்க யாரும் வரப்போவதில்லை என்பதால், கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, அதன் தாழ்ப்பாள் இருக்கிறதா, சங்கிலி வளையம் நீண்டிருக்கிறதா, எத்தனை டன் என்ற எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது பட்டறைக்காரரே. வண்டியை ரிப்பேருக்கு விடும் உரிமையாளரும் இதைக் கேட்கலாம்.